பொட்டு வைத்த படங்கள்

அடி அண்ணாமலையில் அந்த வீட்டு வாசலில் ஆட்டோ என்னை இறக்கிவிட்டபோது காலை பதினோரு மணி. பங்குனி வெயில். கிரிவலப் பாதையில் ஈ காக்கை இல்லை. பௌர்ணமி அன்றைக்குக் கால் வைக்க இடமில்லாத தெரு அது. மற்ற நாளில் நடுரோட்டில் நாய் படுத்துத் தூங்கும்.

ஓட்டு வீடு. முன்னால் நீளமான கூடம், பின்னால் ஒரு சின்ன அறை, அதையும் தாண்டினால் கிணறு. கூடத்தின் சுண்ணாம்புச் சுவரில் வரிசையாக ஆணி அடித்த ஓட்டைகள் இருந்தன. பின்னறையில் ரசம் போன ஒரு கண்ணாடி தொங்கியது. வீட்டுக்காரம்மா சந்திரம்மாள் சாவிக்கொத்தோடு பின்னாலேயே வந்தார்.

"இன்னா கடை வைக்கப் போறீங்க?"

"கடை இல்ல. படம் வரைஞ்சு மாட்டி வைக்கிற எடம். ஆர்ட் கேலரி. யாரு வேணா வந்து பாக்கலாம், புடிச்சா வாங்கிட்டுப் போலாம்."

சந்திரம்மாள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏதோ கேட்க வந்தவர் போல வாயைத் திறந்து, மூடிக்கொண்டு, சாவியைக் கொடுத்தார்.

பேய்க்கதை சொல்கிறவர்கள் அமாவாசை இருட்டு, மழை, நரி ஊளை என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நடந்தது எல்லாம் பட்டப்பகலில், வெயில் உள்ளே அடித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான். நானும் பேய் பிசாசை நம்பினவள் இல்லை. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டி, கண்காணிப்பாளராக ரிட்டயர் ஆனவள். வேதா மேடம் செக்‌ஷனுக்குப் பேயே வந்தாலும் மனு எழுதி வரிசையில் நின்றுதான் வரவேண்டும் என்று என் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். எனக்கு அது தெரியும். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ரிட்டயர் ஆன மறுமாதம் கேலரி ஆரம்பிக்கிறேன் என்றதும் ஆபீசில் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். உங்களுக்குப் படத்தைப் பற்றி என்ன தெரியும் மேடம் என்று ஒருத்தி நேராகவே கேட்டாள். ஒரு மண்ணும் தெரியாது. என் மகள் கவிநிலாவுக்குத் தெரியும். அவள் செத்து மூன்று வருஷம் ஆகிறது.

சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். எங்கள் வீட்டில் அது தலைகீழ். பரீட்சை எழுதி, டைப்பிஸ்ட் வேலை கிடைத்து, சேர்ந்த நாலாவது மாதம் அதை விட்டுவிட்டு வந்தாள் கவி. படம் வரையப் போகிறேன் என்றாள். நான் அவளிடம் ஒரு வருஷம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் இந்த வீட்டுக் கூடத்தை ஒரே ஒரு நாளுக்கு வாடகைக்கு எடுத்து, தன் படங்களை எல்லாம் மாட்டி, தானே ஒரு கண்காட்சி வைத்தாள்.

"நீ வந்து ஒரு வாட்டி பாரும்மா. அதுக்கப்புறம் திட்டு. எவ்ளோ வேணா திட்டு."

"ஒரு மணிக்கு லஞ்ச்ல வர்றேன்" என்றேன்.

போகவில்லை. ஆபீசில் வேலை, ஜமாபந்திக் கணக்கு முடிக்கிற நேரம், கலெக்டர் கூப்பிட்டுவிட்டார் என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். அவள் அப்பாவிடமும் அதைத்தான் சொன்னேன். அன்றைக்கு என் மேஜையில் ஒரு ஃபைல்கூட இல்லை. ஐந்தே முக்கால் வரை வெறும் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புத்தி வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். ஏழு மணிக்கு, படங்களைப் பழைய புடவைகளில் சுற்றி ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்தவளை, ஒரு லாரி அடித்துப் போட்டது. படங்களுக்கு ஒரு கீறல் இல்லை.

அதற்கப்புறம் அவள் அப்பா ராமகிருஷ்ணன் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போட்ட நிலத்தோடேயே தங்கிவிட்டார். என்னிடம் சண்டை போடவில்லை. பேசுவதும் இல்லை.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நீங்கள் சொல்லலாம். நானே சொல்லிக்கொண்டதுதான். ஆனாலும் அவள் கூப்பிட்ட அதே கூடத்தில், அவள் படங்களை மாட்டி, தினமும் அங்கே போய் உட்கார வேண்டும் என்று எனக்கு இருந்தது. அம்மா வந்துவிட்டாள் என்பது எப்படியாவது அவளுக்குத் தெரிந்துவிட வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். நான்தான் அந்தப் பெண்ணின் அம்மா என்று சந்திரம்மாளிடம் மட்டும் சொல்லவில்லை. அன்னைக்கு வராத அம்மா நீங்கதானா என்று கேட்டுவிட்டால் நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

படங்களை மாட்டித் தந்தவர் தருமன். சன்னதித் தெருவில் ஃபிரேம் கடை வைத்திருக்கிறார். சாமி படத்துக்கும் செத்தவர் போட்டோவுக்கும் சட்டம் போட்டே தலை நரைத்தவர். பதினான்கு படங்கள். மலையைக் கவி ஒரே ஒரு படத்தில்தான் வரைந்திருந்தாள், அதுவும் பஸ் ஜன்னலுக்குள் பாதி. மற்றதெல்லாம் மனுஷர்கள். விடிகாலை பஸ் ஸ்டாண்டில் பூக்கூடையோடு தூங்கும் பெண்கள், மல்லாட்டை ஆய்கிற கைகள், இட்லிக் கடை ஆவிக்குப் பின்னால் பாதி தெரிகிற ஒரு முகம். ஒன்று மட்டும் வெறும் நாற்காலி, முதுகில் என் பச்சைத் துண்டு. எப்போது ஆபீசுக்கு வந்து பார்த்தாளோ. அதை எல்லாவற்றுக்கும் கடைசியில் மாட்டச் சொன்னேன்.

திறப்பு அன்றைக்குப் பத்துப் பேர் வந்திருப்பார்கள். வேலூரில் இருந்து வந்த அறிவுச்செல்வன் என்பவர் புது வீடு கட்டுகிறாராம். ஆறு படங்கள் வேண்டும் என்றார். அதில் நாற்காலிப் படமும் ஒன்று. கண்காட்சி பத்து நாள் முடிந்ததும் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அப்படியே நின்றுவிட்டேன். என் பெண்ணின் கையால் வரைந்ததை ஒருவர் கேட்டு வாங்குகிறார். சந்தோஷத்தில் அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"வித்த படத்துக்குப் பக்கத்துல செவப்புப் புள்ளி ஒட்டணும்மா. மெட்ராஸ்ல அப்டித்தான்" என்றார் தருமன்.

சிவப்புப் புள்ளிக்கு அந்தக் காட்டில் எங்கே போவது? கைப்பையைத் துழாவினேன். ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்று இருந்தது. ஆறு பொட்டை உரித்து, ஆறு படங்களுக்கும் பக்கத்தில் சுவரில் ஒட்டினேன்.

தருமன் சிரித்தார். "நல்லாத்தாம்மா இருக்குது. நிச்சயம் பண்ண பொண்ணு மாதிரி."

மறுநாள் காலை கதவைத் திறந்தால் ஆறில் ஒரு பொட்டைக் காணோம். பசை காய்ந்து விழுந்திருக்கும் என்று இன்னொன்றை ஒட்டினேன். முகம் கழுவப் பின்னறைக்குப் போனபோதுதான் பார்த்தேன். விழுந்த பொட்டு கண்ணாடியில் ஒட்டியிருந்தது.

மூன்றாம் நாள் கண்ணாடியில் மூன்று. சுவரில் காணாமல் போன இடத்தில் எல்லாம் புதுப் பொட்டு ஒட்டினேன்.

நான் தருமனைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினேன். விளையாட என் படம்தான் கிடைத்ததா என்று கேட்டேன். அந்த மனுஷர் கோபப்படவே இல்லை. கண்ணாடியைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார். "சாவி உங்க ஒருத்தர்கிட்டதானம்மா இருக்குது" என்றார். பிறகு அவர் அந்தப் பக்கம் வரவில்லை.

நான் ஆபீஸ் பழக்கத்தில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் பூட்டிவிடுகிறவள். அன்றைக்குப் பூட்டவில்லை. திருடன் யாரென்று பார்த்துவிடுவது என்று கதவுக்குப் பக்கத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். மேற்கு வெயில் கூடத்தின் பாதிவரை வந்து கிடந்தது. தூரத்தில் கோயில் மணி அடித்து ஓய்ந்தது. மணி ஆறு.

முதலில் வாசனைதான் வந்தது. டர்பன்டைன். அதோடு கலந்து, வியர்த்த கழுத்தில் போட்ட பவுடர் வாசனை.

பிறகு செருப்பில்லாத காலடிச் சத்தம். சுவரை ஒட்டி, மெதுவாக, ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் நின்று நின்று வந்தது. கூடத்தில் யாரும் இல்லை. வெயில் மட்டும் இருந்தது. அந்த வெயிலில், தரையில் கிடந்த தூசி காலடி பட்ட இடத்தில் எல்லாம் கொஞ்சம் எழும்பி அடங்கியது.

பூக்காரிகள் படத்துக்கு முன்னால் சத்தம் நின்றது.

பொட்டின் ஓரம் தூக்கியது.

யாரோ நகத்தால் நெருடுவது போல, கொஞ்சம் கொஞ்சமாக. சுண்ணாம்பில் நகம் கீறும் சத்தம் எனக்குக் கேட்டது. பொட்டு உரிந்து வந்தது. காற்றில் ஒரு கணம் நின்றது. அப்புறம் அது இல்லை.

பின்னறையில், கண்ணாடியில், விரலால் ஒரு தட்டு.

பயத்தில் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஆறு தடவை அந்தக் காலடி போய் வந்தது. ஆறாவது தட்டுக்குப் பிறகு வாசனை போய்விட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன். கண்ணாடியில் பொட்டுகள் ஒரே வரிசையில், என் நெற்றிக்கு ஒரு சாண் மேலே இருந்தன. கவி என்னைவிட அந்த உயரம்தான் அதிகம். ராத்திரி படுக்கப் போகும்போது அவள் பொட்டை எடுத்து ஒட்டிவைக்க, எங்கள் வீட்டுக் கண்ணாடியில் நான் அண்ணாந்துதான் அதைப் பார்க்க வேண்டியிருக்கும்.

"கவி" என்றேன். பயம் போன இடம் தெரியவில்லை. பெற்றவளுக்கு என்ன பயம். "கவி, நீயாடி?"

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். முப்பத்திரண்டு வருஷம் எல்லாருடைய மனுவையும் பாதி படிக்கும்போதே முடிவு எழுதினவள் இல்லையா நான். விற்காதே என்கிறாள், அதனால்தான் புள்ளியை எடுக்கிறாள் என்று அங்கேயே முடிவு கட்டினேன். அப்போதே அறிவுச்செல்வனுக்கு போன் போட்டேன்.

"படம் தர்றதா இல்லீங்க. மன்னிச்சிடுங்க."

"இன்னாங்க மேடம், நான் செவுரு பூசி ரெடி பண்ணி வெச்சிருக்கேன்."

"செவுத்துல காலண்டர் மாட்டிக்குங்க" என்று வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் பதினான்கு படங்களையும் கழற்றிப் புடவைகளில் சுற்றிப் பின்னறையில் அடுக்கினேன். கண்ணாடியில் இருந்த பொட்டுகளையும் துடைத்தெடுத்தேன். கூடம் மொட்டையாக இருந்தது. "போதுமா? உன்னுதை யாருக்கும் தர மாட்டேன். நிம்மதியா இரு" என்று வெறும் சுவரைப் பார்த்துச் சொன்னேன். சொல்லிவிட்டு ஆறு மணி வரை காத்திருந்தேன். அவள் சந்தோஷப்படுவதை நான் பார்க்க வேண்டாமா?

வாசனை வந்தது. காலடி வந்தது.

முதல் ஆணிக்கு முன்னால் நின்றது. வெகுநேரம் நின்றது.

அடுத்த ஆணி. அடுத்தது. நடை வேகமாயிற்று. பொட்டு இருந்த இடங்களில் எல்லாம் நகம் சுவரைக் கீறியது. சுண்ணாம்பு பொடிப்பொடியாகக் கீழே உதிர்ந்தது. பதினான்காவது ஆணிக்கு முன்னால் அது நின்றபோது, வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுகிற சத்தம் கேட்டது. சின்ன வயதில் நான் அடித்தால் அவள் அப்படித்தான் அழுவாள், எனக்குக் கேட்கக்கூடாது என்று.

நான் தரையில் உட்கார்ந்து கதறிவிட்டேன். அந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டிலிருந்து சந்திரம்மாள் ஓடிவந்தார். காலி சுவரைப் பார்த்தார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா படத்த எல்லாம் எறக்கிட்டீங்க?"

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். "நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாது."

"தெரியும். மொத நாளே மூஞ்சியப் பாத்தேன். படத்த மாட்னதும் நிச்சயமாத் தெரிஞ்சிபோச்சி. நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். வெறும் மேஜையைக்கூடச் சொன்னேன். பொட்டு காணாமல் போனதைச் சொன்னபோதுதான் சந்திரம்மாள் என் கையைப் பிடித்தார். அவர் கை ஜில்லென்று இருந்தது.

"அன்னைக்கு ஒரு படம்கூட விக்கலம்மா. நாலு பேர் வந்தாங்க, சும்மா பாத்துட்டுப் போயிட்டாங்க. பன்னெண்டரை மணி இருக்கும், அந்தப் பொண்ணு இன்னா பண்ணிச்சின்னா, பையில இருந்து பொட்டு அட்டைய எடுத்து, படத்துக்குப் பக்கத்துல எல்லாம் ஒண்ணொண்ணா ஒட்டிச்சி. இன்னாடி கண்ணு இதுன்னேன். எங்கம்மா வருவாங்க ஆயா, பொட்டு இருந்தா வித்துடுச்சின்னு அர்த்தம், அவங்க பாத்து சந்தோசப்படட்டும்னு சொல்லிச்சி."

நான் அந்த வெறும் சுவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஆறு மணி வரைக்கும் வாசலயே பாத்துக்கினு இருந்திச்சி. சோறு குடுத்தேன், தொடல. அப்புறம் எழுந்து போயி எல்லாப் பொட்டையும் உரிச்சி உள்ள கண்ணாடில ஒட்டிச்சி. ஒரு பேச்சு பேசல. புடவையில சுத்திக் கட்டிக்கினு கெளம்பிடுச்சி. நான்தான் அப்புறம் அந்தப் பொட்ட எல்லாம் சொரண்டி எடுத்தேன்."

விற்காதே என்று அவள் சொல்லவே இல்லை. அம்மா வரவில்லை, அதனால் எடுத்துவிடுகிறேன் என்று தினமும் எடுத்திருக்கிறாள். நானோ அந்தக் கூடத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, கடைசியில் அவள் படங்களையும் சுவரில் இருந்து பிடுங்கி எறிந்திருக்கிறேன். உயிரோடு இருந்தபோது ஒரு தடவை செய்தது போதாதென்று, செத்த பிறகும் அவள் கண்காட்சியை நான்தான் கெடுத்தேன்.

மறுநாள் விடிந்ததும் நானும் சந்திரம்மாளும் பதினான்கு படங்களையும் திரும்ப மாட்டினோம். அறிவுச்செல்வனுக்கு போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். வாழ்க்கையில் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. அவர் நல்ல மனுஷர், ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். பொட்டுகளைப் புதிதாக ஒட்டினேன். பிறகு என் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய், எதிர்ப்பக்கம் புளியமரத்தடியில் நின்றேன். இத்தனை நாளும் நான் சாவி வைத்திருக்கிறவளாக, முதலாளியாக உள்ளே போனேன். பார்க்க வந்தவளாக ஒரு நாளும் போகவில்லை. அதுதான் குறை என்று நினைத்தேன்.

சரியாக ஒரு மணிக்கு ரோட்டைக் கடந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றினேன். தலையைச் சரிசெய்துகொண்டேன்.

படியில் கால் வைத்ததும் டர்பன்டைன் வாசனை.

"வாங்க" என்றது குரல்.

கவியின் குரல்தான். வலப்பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் இருந்து வந்தது. அங்கே யாரும் இல்லை.

"உள்ள வாங்க. வெயில்ல நிக்காதீங்க. நிதானமாப் பாருங்க." கொஞ்சம் தயக்கம். பிறகு, அடக்க முடியாத ஒரு பெருமையோடு, "அந்தப் பொட்டு வெச்சதெல்லாம் வித்துடுச்சிங்க" என்றது.

நான் உள்ளே போனேன். கண் முன்னால் எதுவும் தெரியவில்லை. கன்னமெல்லாம் நனைந்து வாயில் உப்புக் கரித்தது.

"கவி. நான்தாண்டி. அம்மா. வந்துட்டேண்டி."

மூச்சு மட்டும் கேட்டது. என் முகத்துக்கு வெகு அருகில் வந்து, யாரென்று பார்ப்பது போல நின்றது. அந்த மூச்சில் சூடு இல்லை.

"இல்லீங்க" என்றது மெதுவாக. தெரியாதவர்களிடம் பேசுகிற மரியாதை அந்தக் குரலில் இருந்தது. "எங்கம்மா இன்னும் வரல. ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி அவங்களுக்கு. வர்றேன்னு சொல்லியிருக்காங்க, வந்துடுவாங்க."

"கவி, நல்லா பாருடி என்ன..."

"நீங்க அழாதீங்க" என்றது. கதவோரம் இருந்த என் நாற்காலி, தானாக ஒரு அடி சுவர்ப்பக்கம் நகர்ந்தது. "இதுல மட்டும் உக்காராதீங்க. அம்மாவுக்குப் போட்டு வெச்சிருக்கேன்."

நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாப் படங்களையும் பார்த்தேன். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, நல்லா இருக்குதும்மா என்று சொன்னேன். நன்றிங்க என்றது ஒவ்வொரு முறையும். இரண்டு மணி ஆயிற்று, மூன்று ஆயிற்று. அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. அவ்வப்போது கதவுப் பக்கம் போய்த் திரும்பும் காலடி கேட்டது. நான் அவள் பெயரை எத்தனை முறை சொன்னேன் என்று கணக்கில்லை. கிரிவலப் பாதையில் ஏதாவது ஆட்டோ வந்தால் அந்தக் காலடி ஓடியது.

ஆறு மணிக்குப் பூக்காரிகள் படத்துக்குப் பக்கத்தில் முதல் பொட்டின் ஓரம் தூக்கியது. நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.